மூன்றாவது ஆணி

கண்ணை மூடித் திறந்தால் போய்விடும் என்று குகநேசன் இரண்டு தரம் மூடித் திறந்து பார்த்தான். ஆணி போகவில்லை. காரில் கொழுவி இழுத்துப்போகும் கேரவனின் முன்சுவரில், உள்பலகையை உரித்தெடுத்த இடத்தில், குளிர் புகாமல் அடைத்த மஞ்சள் நுரைத்தகட்டின் நடுவே, தலை முறிந்து, துருவேறி, அரை விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது. அதைச் சுற்றி நுரை கறுத்திருந்தது. கறுப்பு அங்கிருந்து கோடாக இறங்கி, கொஞ்சம் அகன்று, கீழே மரச்சட்டத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தச் சட்டத்தைக் காலையில், கேரவனை இவனுக்கு விற்ற ரோலண்ட் உளியால் மெல்லத் தொட்டபோது தேத்தண்ணியில் தோய்த்த ரஸ்க் மாதிரி உதிர்ந்து அவர் காலடியில் விழுந்தது. தண்ணீர் எங்கே இருந்து வந்தது என்று ஒன்பது மணியில் இருந்து இரண்டு பேரும் தேடினார்கள். யன்னல் ரப்பரில் தேடினார்கள், கூரை விளிம்பின் அலுமினியப் பட்டியில் தேடினார்கள், ரோலண்ட் இந்த எழுபத்தொன்பது வயதில் தரையில் மல்லாக்கப் படுத்து அடித்தட்டையும் பார்த்தார். இப்போது கிடைத்துவிட்டது. கண்டவன் குகநேசன் ஒருவன்தான். கீழ்ப்பலகையை இருவரும் சேர்ந்து உரித்த பிறகு, மேல்துண்டை நீங்கள் உரித்து வையுங்கள், நான் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிழவர் புதுச்சட்டம் வாங்க மரக்கடைக்குப் போயிருந்தார். போய்வர முக்கால் மணி நேரம். அதில் பத்து நிமிஷம் போய்விட்டது. ஆணி குகநேசனுடையது.

வேறு யாருடையதாகவும் இருக்க வழி இல்லையா என்று மனம் ஒருமுறை சுற்றிப் பார்த்தது. பழைய கேரவன், இருபத்திரண்டு வயது, ரோலண்டும் அவர் மனைவியும் எத்தனையோ ஆணி அடித்திருப்பார்கள். படம் மாட்டியிருப்பார்கள், மணிக்கூடு மாட்டியிருப்பார்கள். அவர்களுடைய ஆணியாக இருக்கக் கூடாதா? கூடாது. இன்று காலையில் கிழவர் வருமுன்னர், முழுகிவிட்டு வந்து, பிள்ளையாரையும் முருகனையும் அம்மனையும் ஒவ்வொருவராக இறக்கி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, சுவரில் பூட்டியிருந்த சாமித்தட்டைக் கழற்றினவன் யார்? இரண்டு திருகாணி ஒழுங்காகக் கழன்று வந்தன. நடுவில் இருந்த மூன்றாவதைத் திருப்பியதும் தலை மட்டும் முறிந்து கையோடு வந்தது. அந்தத் தலை இப்போதும் அவனுடைய காற்சட்டைப் பையில் கிடந்தது. எடுத்து வைத்துப் பொருத்திப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் எடுத்து வைத்துப் பொருத்திப் பார்த்தான்.

சாமித்தட்டு அடித்தது இரண்டு வருஷத்துக்கு முந்திய சித்திரையில். கேரவன் வாசலுக்கு வந்த கிழமையே அடித்தாயிற்று. சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசித்து, தேங்காய் உடைத்து, பக்கத்து வீட்டுக்காரி யன்னல் சீலையை விலக்கிப் பார்த்துக்கொண்டு நிற்கக் கற்பூரம் காட்டி, எல்லாம் முறைப்படிதான் நடந்தது. மனைவி சிவமலர் அப்போதே சொன்னாள். "இஞ்சருங்கோ, உந்தச் சின்னத் தட்டுக்கு ஏன் துளை போடுறியள்? கம் பூசின கொழுக்கி கடையில விக்கிறாங்கள், அதில கொழுவி விடுங்கோவன்." அதற்கு அவன் சொன்ன பதில் இப்போது காதில் தானாகக் கேட்டது. "சாமியைக் கம் போட்டு ஒட்டுறதே? விசர்க்கதை கதையாதையும்." பெட்டியில் இருந்ததிலேயே நீளமான ஆணியாகத் தேடி எடுத்தான். வண்டி குலுங்கும், வளையும், பள்ளத்தில் விழும், பித்தளை விளக்கு வேறு பாரம், சாமி விழுந்தால் என்ன சகுனம்! முதல் இரண்டும் மரத்தைப் பிடித்து முறுகி முறுகி ஏறின. மூன்றாவது வாழைப்பழத்தில் ஊசி ஏற்றினதுபோலப் போனது. அப்படிச் சுகமாகப் போனபோதே, இது மரத்தில் போகவில்லை, வெறும் நுரைக்குள்ளால் போகிறது, நுரைக்கு அங்கால் கடதாசி மாதிரி ஒரு தகரம், தகரத்துக்கு அங்கால் இங்கிலாந்து தேசத்து மழை என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கடவுள் காரியம் லேசாக முடிகிறது என்று சந்தோஷப்பட்டான்.

அதிலும் சாமி கிழக்குப் பார்க்க வேண்டும். வீட்டு வாசலில் நிற்கும்போது கிழக்குப் பார்க்கும் சுவர் கணக்குப் பண்ணி அடித்தாயிற்று, சரி. ஆனால் கேரவன் என்பது ஓடுவதற்கல்லவா இருக்கிறது? போகிற இடத்தில் எல்லாம் கிழக்கு வேறு பக்கம் நின்றது. குகநேசன் விடவில்லை. பதினெட்டு வருஷம் நகரத்து பஸ் ஓட்டினவன், பின்பக்கமாக எடுத்து ஒரு முழ இடைவெளிக்குள் சொருகக்கூடியவன். எந்தக் கடற்கரையில் எந்தத் தரிப்பிடத்துக்குப் போனாலும், மற்ற எல்லாக் கேரவனும் கடலைப் பார்த்து வரிசையாக நிற்க, இவனுடையது மட்டும் கோபித்துக்கொண்ட மருமகள் மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும். ஒரு தரம் பொறுப்பாளப் பெண் வந்து ஏன் இப்படி என்று கேட்டாள். சாமி கிழக்குப் பார்க்க வேணும் என்று சொன்னான். அவள் கொஞ்ச நேரம் அவனையும் கடலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள். அதைக் கோயிலில் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பான்! சொன்ன வாய் இது. அதே வாய்தான் மற்றதையும் சொன்னது.

மற்றதை நினைக்கக் கூடாது என்று எழும்பினான். எழும்பி என்ன செய்வது, கேரவனுக்குள் நாலு எட்டு வைத்தால் மறுசுவர். கூரையில் தூறல் விழும் சத்தம் கேட்டது. அழுகின மரத்தின் மணம் மூக்கை விட்டுப் போகவில்லை. பங்குனியில் முதன்முதலில் இந்த மணத்தைச் சிவமலர்தான் பிடித்தாள், நனைந்த சாக்கு மணக்கிறது என்றாள். குகநேசன் வந்து சுவரை அமத்திப் பார்த்தான், விரல் உள்ளே போனது. சுவருக்குள் விரல் போன அந்த நிமிஷமே போனை எடுத்தான். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மாவா. எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா, எப்போது தொடங்கியது, ஒன்றும் பார்க்கவில்லை. வாங்கியபோது கிழவர் தந்த கடதாசித் துண்டில் இருந்த இலக்கத்தை அழுத்தினான், கிழவர் ஹலோ என்று முடிக்க முதலே தொடங்கிவிட்டான். டிக்கெட் இல்லாமல் ஏறுகிறவர்களுக்கு என்று அவனிடம் தனியாக ஒரு ஆங்கிலம் இருக்கிறது, அந்த ஆங்கிலத்தில். அழுகின பெட்டியை எங்கள் தலையில் கட்டிவிட்டாய் என்றான். பொய்யன் என்றான். கடைசியில் அதையும் சொன்னான்: எங்கள் நிறத்தைப் பார்த்துத்தானே செய்தாய், உன் ஆட்களுக்கு இப்படிச் செய்திருப்பாயா? அந்தப் பக்கத்தில் இருந்து மெல்லிய குரலில், எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது, எனக்கு விளங்கவில்லை, நான் பார்த்தேன் என்றுதான் நினைத்தேன் என்று வந்தது. நடிக்கிறான் என்று குகநேசன் போனை வைத்தான். வைத்த பிறகு நெஞ்சு இலேசாக இருந்தது, அதுதான் இப்போது எல்லாவற்றையும்விடக் கூசியது. இந்த நாட்டில் எத்தனை தரம் உண்மையாகவே நிறத்துக்காக அவமானப்பட்டிருக்கிறான், ஒருவனிடமும் ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் வாயை மூடிக்கொண்டு வந்தவன், சேர்த்து வைத்த அத்தனையையும் கொண்டுபோய், ஒரு பாவமும் அறியாத கிழவர் தலையில் கொட்டிவிட்டுச் சுகமாக நித்திரை கொண்டான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அதோடு விட்டானா? வெள்ளிக்கிழமை கோயிலில், பிரசாதத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தருமலிங்கத்தாருக்குச் சொன்னான். தருமலிங்கத்தாருக்குச் சொன்னால் ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி. "உவங்கள் சிரிச்சுச் சிரிச்சுக் கழுத்தறுப்பாங்கள் தம்பி, நான் முப்பது வருஷமாப் பாத்துக்கொண்டு வாறன்" என்றார் அவர். பக்கத்தில் நின்ற நாலு பேர் தலையாட்டினார்கள். குகநேசனும் ஆட்டினான். அடுத்த வெள்ளி முழுக் கோயிலுக்கும் தெரிந்திருந்தது, கதை வளர்ந்தும் இருந்தது. கிழவர் அழுகின இடத்துக்குப் புதுக் கடதாசி ஒட்டி மறைத்து விற்றாராம். அப்படி ஒரு கடதாசி இருக்கவே இல்லை. இல்லை என்று குகநேசன் திருத்தவில்லை. வடையைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றான்.

ரோலண்ட் போன கிழமை தானாகவே எடுத்தார். நான் வந்து சரிசெய்து தருகிறேன், சனிக்கிழமை வரலாமா என்று கேட்டார். குகநேசன் கொஞ்ச நேரம் காக்கவைத்து, யோசிப்பதுபோல யோசித்து, சரி வா என்று வரம் கொடுத்தான். இன்று நாற்பது மைல் காரோட்டிக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால், கையில் மரப்பெட்டி நிறைய ஆயுதங்களோடு வந்து இறங்கினார். மெலிந்த மனிதர், ஒரு கண்ணில் புரை. ஈரம் பார்க்கிற மீட்டரைச் சுவரில் குத்திவிட்டு, இலக்கத்தை வாசித்துச் சொல்லுங்கள், எனக்குத் தெளிவாகத் தெரியாது என்று குகநேசனிடம் கேட்டார். வெளியே ஏணி வைத்து ஏறிச் சுற்றிப் பார்க்கும்போது முன்பக்கத்தில் ஒட்டியிருந்த வேல் ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் அவருடைய கை வந்து நின்றது. இது உங்கள் கடவுளுடையது அல்லவா, இதில் நான் கைவைக்கவில்லை என்று சொல்லிக் கையை எடுத்துவிட்டார். மிச்ச இடம் முழுவதும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அந்த ஒரு சாண் இடத்தைத் தவிர.

அந்த ஒரு சாண் இடம். ஸ்டிக்கர் ஏன் அங்கே ஒட்டினான்? பக்திக்கு என்றுதான் இத்தனை நாளும் அவனே நம்பிக்கொண்டிருந்தான். பக்திக்கு ஒட்டுகிறவன் நடுவிலே ஒட்டுவான், நேராக ஒட்டுவான். இவன் ஏன் கொஞ்சம் இடப்பக்கமாக, யன்னலுக்கு மேலே, எட்டாத உயரத்தில் ஏணி வைத்து ஒட்டினான்? தட்டு அடித்த அன்று பின்னேரம் ஏணியில் நின்று கேரவனைக் கழுவும்போது கையில் ஏதோ குத்திச் சுணைத்தது. பார்த்தால் தகரத்தைத் துளைத்துக்கொண்டு ஊசி முனை மாதிரி ஒரு பொட்டு. பார்த்தான். பார்த்துத்தான் இருக்கிறான்! அரம் எடுத்து வந்து நாலு இழுப்பு இழுத்து மட்டமாக்கி, கோயில் தேர்த்திருவிழாவில் வாங்கின வேல் ஸ்டிக்கரை அதன்மேலே ஒட்டி, கை இரண்டையும் தட்டிக்கொண்டு இறங்கினான். சிவமலர் வெளியே வந்து, வடிவாக் கிடக்கு என்றாள். அவனும் வடிவாகத்தான் கிடக்கிறது என்று நினைத்தான், ஏணியை மடிக்கும்போதே மறந்துவிட்டான். மறந்தானா? மறந்ததுபோல விட்டானா? இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, மனிதர் வசதியான காரியங்களை எல்லாம் அங்கேதான் கொண்டுபோய் வைக்கிறார்கள். அவன் போனில் பொய்யன் என்று கத்தினபோது, அந்தப் பொட்டு அவனுக்குள் எங்கே இருந்தது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறான். முருகனுடைய வேலைக் கொண்டு ஓட்டையை மறைத்தவனை இன்றுதான் பார்க்கிறான்.

இருபது நிமிஷம் போய்விட்டது. குறட்டால் பிடித்து இழுத்தால் ஆணி வந்துவிடும். கறுத்த நுரையை எப்படியும் வெட்டி எறியத்தான் போகிறார்கள். உள்ளேயிருந்து ஓட்டையில் கொஞ்சம் பசையை அமத்திவிட்டால் இனித் தண்ணீரும் வராது. கிழவருக்குக் கண் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது. யாருக்கு என்ன நட்டம்? கிழவர் எப்படியும் வந்துவிட்டார், பாதி வேலை முடிந்துவிட்டது, இனிச் சொல்லி அவருக்கு என்ன கிடைக்கப் போகிறது, மனவருத்தம் தவிர? இப்படி எல்லாம் வழக்கு நன்றாகத்தான் ஓடியது. ஆனால் காலையில் கிழவர் அழுகின சட்டத்தை உளியால் எடுத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னது வந்து நடுவில் விழுந்தது. விற்க முதல் நாள் சுவர் முழுவதும் மீட்டர் வைத்துப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இருக்கிறது என்றார். கொப்பியிலும் எழுதியிருக்கிறேன், எல்லா இடமும் காய்ந்திருக்கிறது என்று, தேதி போட்டு. ஆனால் என் மகள் சூசன் சொல்கிறாள், அப்பா, நீங்கள் செய்யாமலே எழுதியிருப்பீர்கள், அம்மா போன பிறகு உங்களுக்கு இப்படி நடக்கிறது என்று. உங்கள் போன் வந்த பிறகு நானும் யோசிக்கிறேன். நான் சத்தியம் பண்ணியிருப்பேன், அவ்வளவு உறுதியாக ஞாபகம் இருந்தது. அதுவே தப்பு என்றால் வேறு எதை நம்புவது? இதைச் சொல்லிவிட்டு ஊதித் தூளைப் பறக்கவிட்டார். குகநேசன் அப்போது, பெருந்தன்மையாக, வயசு போனால் அப்படித்தான் என்றான்.

அப்படித்தான்! அவனுக்குத் தெரியாதா அது எப்படி என்று? பஸ் ஓட்ட வருமுன்னர், வந்த புதிதில், இறைச்சியைப் பெட்டியில் அடைக்கும் இடமொன்றில் இரவு வேலை செய்தான். ஒரு காலையில் குளிர் அறைக் கதவு திறந்து கிடந்தது, உள்ளே எல்லாம் பழுதாகிவிட்டது, கடைசியாக வெளியே வந்தவன் நீதான் என்றார் மேலாளர். பூட்டினேன் என்றான். பூட்டியிருந்தால் எப்படித் திறந்து கிடக்கும் என்றார். கைப்பிடியைக் கீழே அமத்தினது, கிளிக் என்ற சத்தம், கையுறைக்குள்ளால் ஏறின குளிர் எல்லாம் ஞாபகம் இருந்தது. ஒரு கிழமை ஞாபகம் இருந்தது. பிறகு அந்தச் சத்தம் முந்தின நாளுடையதோ என்று சந்தேகம் வந்தது. பிறகு எல்லா நாளும் ஒன்றாகிவிட்டது. வேலை போனது பெரிதில்லை, வேறு வேலை கிடைத்தது. ஆனால் இருபத்தாறு வருஷமாக வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறான். காருக்குப் போய்த் திரும்பி வந்து நாலாம் தரம் இழுக்கிறான். சிவமலர் சிரிப்பாள். யாராவது ஒருவன், அன்று நான்தான் உனக்குப் பிறகு உள்ளே போனேன், நீ பூட்டித்தான் இருந்தாய் என்று ஒரே ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். யாரோ ஒருவன் இருந்திருப்பான். அவனும் எங்கேயோ நின்று, இனிச் சொல்லி என்ன என்று யோசித்திருப்பான்.

இவ்வளவையும் யோசித்துவிட்டு குகநேசன் என்ன செய்தான் என்றால், குறட்டை எடுத்து ஆணியை இழுத்தான். மனம் ஒரு பக்கம் நியாயம் பேசிக்கொண்டிருக்க, கை தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போனது. ஆணி கீச்சென்று வந்தது. அது நின்ற இடத்தில் ஒரு மிளகளவு வெளிச்சம் கூடத் தெரியவில்லை, வெளியே வேல் நன்றாகத்தான் மறைத்துக்கொண்டு நின்றது. ஆணியைப் பையில் போட்டான். கறுத்த நுரையைக் கத்தியால் சதுரமாக வெட்டி எடுத்து, இரண்டாக முறித்து, குப்பைப் பையில் மற்றக் குப்பைக்குக் கீழே தள்ளினான். தள்ளிவிட்டு, கை கழுவ வேண்டும்போல இருந்தது.

"என்னப்பா, தனிய நிண்டு என்ன செய்யிறியள்?" சிவமலர் தேத்தண்ணித் தட்டோடு படியில் ஏறி வந்தாள். மூன்று கோப்பை, ஒரு தட்டில் மரக்கறி ரோல்ஸ். "அந்த மனுசன் இன்னும் வரேல்லையே? ஆறப்போகுது."

"வருவார்."

"முகம் ஏன் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"தூசி."

அவள் தட்டை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள், கேரவனைச் சுற்றி நிற்பவர்களுக்கு எல்லாம் தமிழ் தெரியும்போல. அவள் முதியோர் இல்லமொன்றில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறாள். "நான் ஒண்டு சொல்லுறன், அவரோட இனிக் கடுமையாக் கதைக்காதேங்கோ. பாவம். அவருக்கு மறதி தொடங்கியிட்டுது போல. காலமை என்னட்டையே கேட்டார், ஒரு ஆளுக்குத் தான் செய்யாத வேலை செய்த மாதிரி ஞாபகம் வருமோ எண்டு. எங்கட இல்லத்தில உப்பிடிக் கேட்டுக் கேட்டுத்தான் வந்து சேருகினம். மகள் வீட்டை வித்துப்போட்டு இல்லத்தில விடப் பாக்கிறாளாம். காரும் ஓடக் கூடாதாம்."

"அவர் நல்லாத்தானே ஓடிக்கொண்டு வந்தவர்."

"வந்தவர்தான். ஆனால் இந்தக் கேரவன் விசயம் பிழைச்ச பிறகு அவருக்கே தன்னில நம்பிக்கை இல்லை. நீங்கள் அண்டைக்குப் போனில ஏசினதை மகளுக்குச் சொன்னவராம். அவள் அதைத்தான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள். பாத்தீங்களே அப்பா, யாரோ ஒரு மனுசன் கூடச் சொல்லிப்போட்டான் எண்டு." அவள் பெருமூச்சு விட்டாள். "உங்களைச் சொல்லி என்ன, உங்களுக்கு நட்டம் வந்தது, நீங்கள் கத்தினீங்கள். இருந்தாலும்."

யாரோ ஒரு மனுசன். நாற்பது மைலுக்கு அங்கால், முகம் தெரியாத ஒரு வீட்டுக் குசினியில், குகநேசன் சாட்சி சொல்லிக்கொண்டு இருக்கிறான், இந்த மூன்று கிழமையாக. பஸ்ஸில் ஏறுகிற கிழவர்களுக்குப் படியைத் தாழ்த்திவிட்டு, அவர்கள் இருக்கையில் இருந்த பிறகுதான் வண்டியை எடுக்கிறவன் என்று அவனுக்குப் பேர் இருக்கிறது. பையில் ஆணி தொடையில் குத்தியது. குத்தட்டும் என்று விட்டான். சிவமலரிடம் சொல்லலாமா? "விசர்க்கதை கதையாதையும்" என்று சொன்ன வாயால் என்னவென்று சொல்வது? அவள் திட்டமாட்டாள், அதுதான் கரைச்சல். ஒரு நிமிஷம் பேசாமல் பார்ப்பாள், பிறகு கோப்பைகளை அடுக்கத் தொடங்குவாள். அந்த ஒரு நிமிஷம் அவன் எங்கே பார்ப்பது? தருமலிங்கத்தார் வேறு. கோயில் வேறு. கடதாசி ஒட்டி மறைத்த கதையை இனி யார் யாரிடம் போய்த் திருப்பி வாங்குவது? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள், இது அவனே திறந்துவிட்ட வாய். மெல்ல மெல்லச் சொல்லலாம். இன்று வேலை முடியட்டும், கிழவர் வீட்டுக்குப் போய்ச் சேரட்டும், நாளைக்குப் போனில். போன் நல்லது, முகம் தெரியாது. ஏசுவதற்குத் தோதாக இருந்த போன் மன்னிப்புக்கும் தோதாகத்தானே இருக்கும். நாளைக்கு. இல்லையென்றால் ஒரு கடிதம். கார் வாசலில் வந்து நின்ற சத்தம் கேட்டது, நாளைக்கு என்பது அங்கேயே முடிந்துவிட்டது.

ரோலண்ட் நீளச் சட்டத்தைத் தோளில் வைத்துக்கொண்டு தூறலில் வந்தார். குகநேசன் ஓடிப்போய் மறுநுனியைப் பிடித்தான். உள்ளே கொண்டுவந்து கிடத்தியதும் கிழவர் திறந்த சுவரைப் பார்த்தார், கிட்டப்போய்ப் பார்த்தார், நல்ல கண்ணை அருகே வைத்துப் பார்த்தார். நுரையை வெட்டி எடுத்துவிட்டீர்களா, நல்லது, சுத்தமாக வேலை செய்கிறீர்கள் என்றார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, குகநேசனுக்கும் சிவமலருக்கும் பொதுவாகப் பேசினார். வரும் வழியில் சுற்றுவட்டத்தில் தப்பான பக்கம் திரும்பிவிட்டேன் என்றார். சிரிக்கப் பார்த்தார். அப்போது முடிவு செய்தேன். திங்கட்கிழமை சூசனிடம் இல்லத்துக்குச் சரி என்று சொல்லப் போகிறேன், இனிக் கார் ஓட்டாமல் திறப்பையும் கொடுத்துவிடுவேன். ஒருவருடைய வீட்டை, அது சின்ன வீடாக இருந்தாலும், ஈரத்தோடு விற்றுவிட்டுக் காய்ந்திருக்கிறது என்று எழுதிவைத்தவன் காரோட்டக் கூடாது. உங்களுக்கு நான் நேரே சொல்ல வேண்டும் என்று இருந்தேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

சிவமலர் மெல்ல, "பெரிய மனுசன்" என்றாள். குகநேசன் வாயைத் திறந்தான். பரவாயில்லை என்ற சொல் தயாராக நாக்கு நுனியில் வந்து நின்றது. எவ்வளவு சுலபமான சொல்! சொல்லிவிட்டால் அவன் மன்னித்தவனாகிவிடுவான், தேத்தண்ணி குடித்துவிட்டுச் சட்டத்தை அளக்கத் தொடங்கலாம். அவனை ஏமாற்றாத ஒரு மனிதரை அவன் மன்னிக்க வேண்டும், அதுதான் பாக்கி. இருவரையும் விலக்கிக்கொண்டு படியிறங்கினான். சிவமலர் "எங்கை போறியள்" என்றாள். ஏணியை எடுத்து முன்பக்கத்தில் சாத்தி ஏறினான். மழை முகத்தில் அடித்தது. வேலின் ஒரு ஓரத்தை நகத்தால் கிளப்பினான். இரண்டு வருஷத்துப் பசை, விட மாட்டேன் என்று பிடித்தது. முருகா, கோவியாதே என்று வாய் தானாகச் சொன்னது. பிய்த்தான். அடியில் தகரம் வெளிறி, மேல் ஓரத்தால் தண்ணீர் புகுந்து இறங்கின கோடு தெரிய, நடுவில் துருவளையத்தோடு ஓட்டை இருந்தது. இறங்கி வந்து, பையில் இருந்த ஆணியையும் அதன் தலையையும் எடுத்து ஈரக் கையில் வைத்து, பின்னால் இறங்கி வந்திருந்த ரோலண்டிடம் நீட்டினான்.

"இது என்னுடையது" என்றான் ஆங்கிலத்தில். வேறு ஆங்கிலம் ஒன்றும் வரவில்லை. "நான் போட்டது. நீங்கள் விற்ற பிறகு. சாமித்தட்டுக்கு. வெளியே வந்ததைக் கண்டேன், மறைத்தேன். தண்ணீர் இதாலேதான் வந்தது. இப்போது நீங்கள் கடைக்குப் போன நேரமும் கழற்றி மறைத்துவிட்டேன்."

ரோலண்ட் ஆணியைப் பார்த்தார். ஏணியைத் தொட்டார், ஏறவில்லை. மேலே அந்த வெளிறிய இடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அப்படியென்றால் நான் விற்கும்போது?"

"காய்ந்திருந்தது."

"நான் மீட்டர் வைத்துப் பார்த்தேன்."

"பார்த்தீர்கள். நீங்கள் எழுதினது சரி."

கிழவர் கேரவன் படியில் குந்தி இருந்துவிட்டார். குகநேசன் ஏச்சுக்குக் காத்து நின்றான். ஏசினால் நல்லது, அவன் சொன்னதை எல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னால் நல்லது, பொய்யன் என்று சொன்னால் இன்னும் நல்லது. கிழவர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார். மழைத் தண்ணீரோ மற்றதோ தெரியவில்லை. நன்றி என்றார். இரண்டு தரம் சொன்னார், நன்றி, உங்களுக்கு மிகவும் நன்றி. ஓர் அறை விழுந்திருந்தால் குகநேசன் தாங்கியிருப்பான். இதைத் தாங்க முடியாமல் நிலத்தைப் பார்த்தான். சிவமலர் கதவடியில் நின்றாள். அவள் பக்கம் அவன் திரும்பவில்லை, ஆனால் அவள் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்பது முதுகில் தெரிந்தது. அந்த ஒரு நிமிஷம் ஓடத் தொடங்கிவிட்டது.

ரோலண்ட் போனை நல்ல கண்ணருகே பிடித்து இலக்கத்தைத் தேடினார். சூசன், காய்ந்திருந்தது என்றார், முகமனும் இல்லை முன்னுரையும் இல்லை. நான் விற்கும்போது காய்ந்துதான் இருந்தது. இல்லை, நான் கற்பனை பண்ணவில்லை. இல்லையம்மா, கேள். மகள் அந்தப் பக்கம் ஏதோ நீளமாகச் சொன்னாள், சமாதானப்படுத்துகிற குரல், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற குரல். கிழவரின் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிறகு நிமிர்ந்தார். போனைக் காதில் இருந்து எடுத்துக் குகநேசனிடம் நீட்டினார். "நான் சொன்னால் அவள் நம்பவில்லை. நீங்கள் சொல்லுங்கள்."

குகநேசன் ஆணியை மற்றக் கைக்கு மாற்றிவிட்டுப் போனை வாங்கினான். "யார் அது?" என்றது ஒரு பெண்ணின் குரல், களைத்த குரல். அவன் தன் முழுப் பெயரையும் சொன்னான். அவளுக்கு விளங்காது என்று தெரிந்தும், ஒவ்வொரு எழுத்தாக இன்னொரு தரம் சொன்னான். பிறகு, "உங்கள் அப்பாவைப் பொய்யன் என்று சொன்னவன் நான்தான்" என்றான்.